காப்பியடிப்பது இப்போதுதான் தொடங்கியதா?

கூகுள் டாக்ஸில் மாணவர்களைச் சேர்ந்து எழுதவிட்டால் ஒருவன் எழுதுவான், மற்றவர்கள் மதிப்பெண் வாங்குவார்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். முன்பு நோட்ஸைப் பார்த்து வகுப்பே ஒரே கட்டுரையை எழுதித் தள்ளியதே, அது யாருடைய எழுத்து? கூகுள் டாக்ஸிலோ பதிப்பு வரலாற்றைத் திறந்தால் எதை யார் எப்போது எழுதினார், யார் நீக்கினார் என்பது பெயரோடு தெரியும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஒவ்வொரு திருத்தத்தையும் இப்படித்தான் சேமிக்கிறது.

இப்படிச் சேர்ந்து எழுதும்போது 'மிகச் சிறந்த' என்ற சொல்லை ஒரு மாணவி நீக்குகிறாள். எழுதியவன் ஓரத்தில் காரணம் கேட்கிறான். "ஆதாரம் எங்கே?" என்று அவள் பதில் போடுகிறாள். சிவப்பு மையில் போட்ட சுழி இந்த வாக்குவாதத்தை ஒருநாளும் கற்றுத்தந்ததில்லை.

உண்மைதான், அறுபது பேர் வகுப்பில் அந்தப் பதிப்பு வரலாற்றைப் படிக்க ஆசிரியருக்கு நேரமில்லை. அந்த நேரத்தை ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதுங்கள் ஐயா, மாணவர்களைத் தடுக்காதீர்கள்.