ஒலியை அணைத்துவிட்டுப் பராசக்தி பாருங்கள்

புக்கிட் காத்தில் ஒட்டுக்கடை ஒன்றில் டக்ளஸ் கார்டனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை ஒலி இல்லாமல், விநாடிக்கு ஏறக்குறைய இரண்டே பிரேம் என்று 24 மணி நேரத்துக்கு நீட்டி, 1993இல் கிளாஸ்கோவில் காட்டியவர். எதிரே இருந்த அண்ணன் சிரித்தார். “ஸ்லோ பட்டனை அமுக்கத் தெரிஞ்சா நானும் கலைஞன்தானே தம்பி?”

அமுக்குவது சுலபம் அண்ணே. அதன்பின் உட்கார்ந்து பார்ப்பதுதான் கஷ்டம். குளியலறைக் கொலை வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மணிக்கணக்கில் வராது. கதை கைவிட்ட பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்குகிறது.

நாமோ படம் பார்ப்பவர்கள் இல்லை, வசனம் கேட்பவர்கள். ‘பராசக்தி’ வந்தது 1952இல். குணசேகரனின் நீதிமன்றப் பேச்சை இன்றும் மேடையில் ஒப்பிக்கிறோம். அதற்கு முன் நடக்கும் கல்யாணியின் விசாரணை யாருக்கு நினைவிருக்கிறது? நீதிபதி அவளுடைய சொந்த அண்ணன். கூண்டில் நிற்பது தங்கை என்று தெரிந்ததும் மயங்கி விழுகிறார். விழுவதற்கு முந்திய நொடியில் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் முகம் எப்படி இருந்தது? எத்தனையோ தடவை பார்த்த என்னாலும் சொல்ல முடியவில்லை.

கலைஞரின் வசனத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரங்கூனுக்குப் பிழைக்கப் போன அண்ணன்களின் கதை அது. கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கதையைக்கூடக் காதில் மட்டும் வைத்திருப்பது வெட்கம் இல்லையா?

மூன்று மணி நேரப் படம். எட்டு மடங்கு மெதுவாக்கினால் ஒரு நாள்.

அமுக்குங்க அண்ணே. பத்து நிமிஷம் தாங்குறீங்களா, பார்ப்போம்.