"இத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" உயிரைப் பறிக்கும் வேகக் கணக்கு

அச்சன்புதூர்,

அச்சன்புதூர், வடகரை, பண்பொழி ரோட்டில் ஓடும் டிரைவர்களிடம் "எவ்வளவு வேகம் சரி?" என்று கேட்டால், யாரும் மீட்டரைப் பார்த்து பதில் சொல்வதில்லை. "கைக்குத் தெரியும்" என்பார்கள்.

அதில் பாதி உண்மை. எந்த வளைவில் மாடு நிற்கும், எந்த வயலில் இருந்து டிராக்டர் ஏறும் என்பது பழகிய டிரைவருக்கு அத்துப்படி. நேற்று லைசென்ஸ் எடுத்த பையனுக்கு அது தெரியாது.

மீதிப் பாதியில்தான் ஆபத்து. 100 தடவை முந்தியும் ஒண்ணும் ஆகவில்லை என்றால் பயம் விட்டுப் போகிறது. எதிரே வண்டி வராதது அதிர்ஷ்டம். அதைத் தன் திறமை என்று நினைத்து விடுகிறார்.

6 பேர், மறுபடியும் 6 பேர்

2024 ஜனவரி 28 அதிகாலை, குற்றாலத்தில் குளித்து விட்டு புளியங்குடி திரும்பிய 6 வாலிபர்கள், சிங்கிலிப்பட்டி அருகே காரும் சிமெண்ட் லாரியும் மோதியதில் இறந்தனர். 2025 நவம்பர் 24-ந்தேதி இடைகால் அருகே 2 தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதின. அன்றே 6 பேர் பலி.

கணக்கு என்ன?

60 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு சுமார் 17 மீட்டர் போகும். ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்றரை வினாடி ஆகிவிடும். காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் உள்ள கார் நிற்க மொத்தம் 45 மீட்டர் வேண்டும். 80-ல் வந்தால் கிட்டத்தட்ட 70 மீட்டர். லோடு லாரிக்கும் பஸ்சுக்கும் இன்னும் கூடும். சாரல் விழுந்து ரோடு நனைந்தால் சொல்லவே வேண்டாம்.

சாதாரண ரோட்டில் காருக்கு 70, பஸ், லாரிக்கு 60 என்று 2018-ல் மத்திய அரசு உச்ச வரம்பு வைத்தது. அது கடைசி எல்லை. எல்லா நேரமும் அந்த வேகத்தில் போகலாம் என்று அர்த்தம் இல்லை.

நல்ல வண்டி இருந்தால் போதும் என்பதும் தப்பு. 1980-களில் ஜெர்மனியில் மூனிக் நகர டாக்சிகளில் சறுக்காத ஏ.பி.எஸ். பிரேக் பொருத்திப் பார்த்தார்கள். விபத்து குறையவில்லை. பிரேக்கை நம்பி டிரைவர்கள் துணிச்சலாக ஓட்டியதுதான் மிச்சம்!

15 கிலோ மீட்டர் தூரத்தை 60-ல் போனால் 15 நிமிஷம். 80-ல் போனால் 11 நிமிஷம். மிச்சமாவது 4 நிமிஷம். ஒரு டீ குடிக்கிற நேரம். அதற்காக வீட்டில் காத்திருப்பவர்களை அழ வைக்கலாமா?