நாட்டுத்தக்காளிக்குத் தனிப் பலகை வேண்டும்!

தக்காளியில் எத்தனை வகை? காய்கறிக் கடைக்காரரைக் கேட்டால், "இரண்டு" என்பார். ஒன்று நாட்டுத்தக்காளி. மற்றொன்று பெங்களூர்த் தக்காளி.

பெங்களூர்த் தக்காளி முட்டை வடிவமாக இருக்கும். தோல் கனம். கூடையில் கொட்டினாலும் உடையாது. ஒரு வாரம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

நாட்டுத்தக்காளி சற்றுத் தட்டையான உருண்டை. பூசணிக்காயைப் போல வரி வரியாக மடிப்பு விழுந்திருக்கும். காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பச்சை தெரியும். தோல் மெல்லியது. கொஞ்சம் அழுத்தினால் சாறு வந்துவிடும். இரண்டு நாள் போனால் அழுகத் தொடங்கும். ஆனால் அந்தப் புளிப்பும் வாசனையும் வேறு எதற்கும் வராது.

கடலூரிலோ சிதம்பரத்திலோ கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். மலை போலக் குவிந்திருப்பது முதல் வகை. இரண்டாவது வகையைத் தேட வேண்டியிருக்கிறது. "ரசத்துக்கு நாட்டுத்தக்காளிதான் வேண்டும்" என்று கேட்டு வாங்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை வெறும் பழக்கதோஷம் என்று தள்ளிவிட வேண்டாம். விஞ்ஞானமும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் உள்ள விஞ்ஞானிகள் 2012-ம் ஆண்டில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். தக்காளிக் காயின் காம்புப் பக்கத்தில் கரும்பச்சை நிறம் இருக்கிறதே, அது வீண் அல்ல. இலை செய்யும் வேலையை அந்த இடத்தில் காயே செய்கிறது. அதாவது, வெயிலைக் கொண்டு சர்க்கரை உண்டாக்குகிறது. ஆனால், "பழம் முழுவதும் ஒரே மாதிரி சிவக்க வேண்டும்" என்று விதை வளர்ப்பவர்கள் ஆசைப்பட்டார்கள். ஏறக்குறைய 70 ஆண்டுகளாக, அந்தப் பச்சை இல்லாத செடிகளாகவே பொறுக்கி எடுத்தார்கள். பழம் அழகாகச் சிவந்தது. இனிப்பில் ஒரு பங்கு போய்விட்டது!

இத்தாலிக்காரர்கள் செய்த வேலை

வரி விழுந்த தக்காளி என்றால் நம் ஊரில் மட்டம். இத்தாலியில் அதற்குத் தனி மரியாதை. பிளாரன்ஸ் நகரத்துப் பக்கத்துத் தக்காளி ஒன்றுக்கு "கோஸ்தொலூத்தோ" என்று பெயர். "வரி விழுந்தது" என்பதுதான் அதன் பொருள். "மாட்டு இதயம்" என்று இன்னொரு தக்காளி. பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் விளையும் ஒரு சிறு தக்காளியைக் கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் அது கெடாமல் இருக்கிறது. நம் வீட்டு விட்டத்தில் வெங்காயம் தொங்குகிற மாதிரிதான்.

இத்தனைக்கும் தக்காளி இத்தாலியின் சொந்தச் சரக்கு அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. ஸ்பெயின்காரர்கள் கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1544-ம் ஆண்டில் ஓர் இத்தாலிய வைத்தியர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் விஷமாக இருக்குமோ என்ற பயம் வெகுகாலம் போகவில்லை. 1690-களில்தான் நேப்பிள்ஸ் நகரில் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் தக்காளிச் சாறு இடம்பெற்றது. நம்மைப் போலவே அவர்களும் வந்த விருந்தாளியை வீட்டு மனிதர் ஆக்கிக்கொண்டவர்கள்தான். (நாம் "சீமைத்தக்காளி" என்றோம். வெறும் தக்காளி என்ற பெயர் முன்பு நம் மண்ணில் முளைக்கும் சிறு காய்களுக்கு உரியது. மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்ற பெயர்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திவசச் சமையலில் தக்காளி சேர்க்காத வீடுகள் இன்றும் உண்டு. அந்த வீட்டு அடுப்புக்கு அது இன்னும் விருந்தாளிதான்!)

நேப்பிள்ஸ் பக்கத்தில் விளையும் "சான் மர்ட்சானோ" என்ற நீண்ட தக்காளியின் கதையைக் கேளுங்கள். குழம்பு காய்ச்ச அதற்கு ஈடு இல்லை என்பார்கள். ஆனால் மெல்லிய தோல். கையால்தான் பறிக்க வேண்டும். குச்சி நட்டுக் கட்ட வேண்டும். செலவு அதிகம். எந்திரத்தால் அறுவடை செய்யக்கூடிய புது ரகங்கள் வந்தன. நோயும் தாக்கியது. 1980-களில் அது ஏறக்குறைய அழியும் நிலைக்கு வந்துவிட்டது.

இத்தாலிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய விதைகளைத் தேடிச் சேர்த்தார்கள். நல்ல செடிகளைப் பொறுக்கிப் பெருக்கினார்கள். 1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. குறிப்பிட்ட ஊர்களில், குறிப்பிட்ட முறையில் விளைந்தால்தான் தகர டப்பாவின் மேல் அந்த முத்திரை விழும். அந்த டப்பாவுக்கு உலகமெங்கும் கூடுதல் விலை!

நம்முடையதற்குப் பெயரே இல்லை

நம் நாட்டுத்தக்காளிக்கு என்ன பெயர்? "நாட்டுத்தக்காளி" என்பது பெயர் அல்ல. அது ஒரு கூட்டம். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு விதமாக விளைந்தது. பெயர் எழுதி வைக்காமலே பலவும் போயிருக்கும்.

பெயர் பிழைத்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. "பி.கே.எம்.1" என்ற தக்காளியை விவசாயிகள் அறிவார்கள். பெரியகுளத்தில் உருவானது. அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் மாறுதல் உண்டாக்கித்தான் அதை எடுத்தார்கள். காம்பருகே பச்சை இருக்கும். அந்த உள்ளூர்த் தக்காளியை யாரும் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால் விஞ்ஞானிகள் கைக்கு எது கிடைத்திருக்கும்?

கத்தரிக்காய்க்கு இந்த மரியாதை கிடைத்துவிட்டது. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தக்காளிக்கும் அந்தக் காலம் வர வேண்டும்.

விவசாயியைக் குறை சொல்லக்கூடாது. பி.கே.எம்.1 ஓர் எக்டேருக்கு 30 முதல் 35 டன் கொடுக்கும். நன்றாகப் பராமரித்தால் கலப்பின ரகங்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் கொடுக்கும். நோயைத் தாங்கும் கலப்பினங்களும் இருக்கின்றன. லாரியில் மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் வந்து இறங்கினாலும் நசுங்காது. பட்டணத்துக்குச் சோறு போட அது வேண்டும். மறுக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே விலை என்றால் எந்த விவசாயி நாட்டுத்தக்காளி போடுவார்? நாமாக இருந்தாலும் போடமாட்டோம்.

வெகுதூரத்திலிருந்து வரும் தக்காளியையே நம்பியிருப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. 2023 ஜூலையை மறந்துவிட்டீர்களா? கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. தக்காளி இல்லாத சாம்பாரைப் பல வீடுகள் சாப்பிட்டன. வேறு சில மாதங்களில் பறிகூலிக்குக்கூட விலை இல்லாமல் சாலையோரத்தில் கொட்டுகிறார்கள்.

ஆகவே, நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. உழவர் சந்தைகளில் தினமும் விலைப்பலகை எழுதுகிறார்கள். கடலூர் மாவட்டத்துச் சந்தைகளில், நாட்டுத்தக்காளிக்கு அந்தப் பலகையில் ஒரு தனி வரி தவறாமல் வேண்டும். ரகத்தின் பெயரும் விளைந்த ஊரின் பெயரும் எழுதப்பட வேண்டும். அதிகாலையில் பறித்து எட்டு மணிக்குள் விற்றுவிடும் பழத்துக்குக் கனத்த தோல் எதற்கு? கிலோவுக்கு ஐந்து பத்து கூடக் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வேளாண்மைப் படிப்பும் உண்டு. மாணவர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி, மிச்சமிருக்கும் நாட்டு விதைகளைச் சேர்க்கச் சொல்லலாம். பெயர் வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. உருண்டையாக இருப்பது எல்லாம் நாட்டுத்தக்காளி ஆகிவிடாது. உருண்டையான கலப்பினங்களும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? விதை போட்டுப் பாருங்கள். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதனால் நாட்டு விதை தாயைப் போலவே பிள்ளையைக் கொடுக்கும். கலப்பின விதையோ, நெட்டை, குட்டை, பெரிசு, சிறிசு என்று கலந்து முளைக்கும்.

வீட்டில் வளர்க்க

நம் மாவட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். புயலும் வரும். தேங்கிய தண்ணீரில் தக்காளி ஒரு நாள் நின்றாலும் வாடிவிடும். சித்திரையிலோ இரவிலும் வெக்கை தணியாது. பூ பூக்கும். காயாகாமல் உதிரும். எனவே கார்த்திகைக் கடைசியில், மழை படாத இடத்தில் தொட்டியிலோ தட்டிலோ விதையுங்கள். ஒரு மாதத்தில் நாற்று தயார். மார்கழிக் கடைசியில் அல்லது தை முதலில் நடலாம். மாசிக் கடைசியிலிருந்து பழம் பறிக்கலாம். இத்தாலிய விதை வாங்கி மாடியில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே பருவம்தான். ஆனால் அந்தச் செடிகள் வெக்கையைக் கண்டால் நம் செடியைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

கடற்கரைப் பக்கத்து மணலில் எரு நிறையப் போட வேண்டும். சிதம்பரத்துக் களிமண்ணில் மேட்டுப்பாத்தி கட்டாமல் நடக்கூடாது. செடிக்குச் செடி இரண்டடி விடுங்கள். ஒரு நாள் வெள்ளமாகவும் மூன்று நாள் வறட்சியாகவும் தண்ணீர் விட்டால் பழத்தின் அடி கருகும். அளவாக, தவறாமல் விடுங்கள். ஓரத்தில் நாலு செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி அங்கே முட்டையிடப் போகும். இலை சுருண்டால் வெள்ளை ஈ வேலை. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். சுருண்ட செடியைப் பிடுங்கி எறியத் தயங்கவேண்டாம்.

சமையலில் எதை எங்கே போடுவது? ரசத்துக்கு நாட்டுத்தக்காளி. கையால் பிசைந்து விட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் வாசனை போய்விடும். கடலூர்த் துறைமுகத்து நெத்திலிக்கு நாட்டுத்தக்காளி போட்டுக் குழம்பு வைத்தால் புளியைப் பாதியாகக் குறைக்கலாம். தொக்குக்கும் இதுவே. சாறு அதிகம், வற்ற நேரமாகும். நல்லெண்ணெய் பிரியும்வரை பொறுமை வேண்டும். பச்சையாக அரிந்து வைக்க மட்டும் பெங்களூர்த் தக்காளி நல்லது. சிதம்பரம் கொத்சுவில் தக்காளியைச் சேர்க்கச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பழைய முறையில் கத்தரிக்காயும் புளியும் வறுத்து அரைத்த பொடியும்தான். அதை அப்படியே விட்டுவிடுவோம்!

இத்தாலிக்காரர்கள் தக்காளிச் சாற்றைப் பூண்டும் எண்ணெயும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, கடைசியில் ஒரு வாசனை இலையைக் கிள்ளிப் போடுகிறார்கள். அது என்ன தெரியுமா? நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். சப்ஜா விதை கொடுக்கும் அதே செடி. நல்ல நாட்டுத்தக்காளி கிடைத்த நாளில் ஒருமுறை செய்து பாருங்கள். தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் பொருந்தும்.

விதை எடுப்பது சுலபம். செடியிலேயே நன்றாகக் கனிந்த பழத்தை எடுங்கள். முதலில் காய்த்த, நோயில்லாத செடியாக இருக்கட்டும். பழத்தை அறுத்து, விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் பிழியுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒன்றிரண்டு நாள் மூடி வையுங்கள். புளித்து, விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கரைந்துவிடும். நல்ல விதை அடியில் தங்கும். கழுவி, வாழையிலையிலோ தட்டிலோ பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் மட்டும் பரப்பாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். உலர்ந்ததும் சிறிது சாம்பல் கலந்து சீசாவில் போட்டு, மேலே ஊரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். மூன்று நாலு வருஷம் முளைக்கும். ஒரே பழத்தில் ஒரு தோட்டத்துக்கு வேண்டிய விதை இருக்கும். பக்கத்து வீட்டுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் மிஞ்சும்.