விண்வெளிக்கு லிஃப்ட் எல்லாம் சரி, கயிறு எங்கே?

ராக்கெட் வேண்டாம், டன் கணக்கில் எரிபொருள் வேண்டாம். லிஃப்டில் ஏறி பட்டனை அழுத்தினால் விண்வெளி! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜப்பானின் ஒபயாஷி நிறுவனம் 2012-ல் இதற்கு வருடமே குறித்துவிட்டது: 2050. டோக்கியோவில் 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தைக் கட்டியவர்கள் சொன்னதால் பலரும் நம்பினார்கள். ஆனால் இது கோபுரம் இல்லை. 96,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு!

யோசனை என்னவோ பழையதுதான். 1895-லேயே ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி, ஈஃபில் கோபுரத்தை மனதில் வைத்து வானம் வரை ஒரு கோபுரத்தைக் கற்பனை செய்தார். கீழேயிருந்து கட்ட வேண்டாம், மேலேயிருந்து தொங்கவிடலாம் என்று 1960-ல் சொன்னவர் இன்னொரு ரஷ்யரான யூரி அர்ட்சுடானோவ். பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். (மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா எப்போதும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.) அங்கிருந்து ஒரு கயிற்றைக் கீழே விட்டு, அதைச் சமன் செய்ய மேல்பக்கமும் நீட்டிவிட்டால் லிஃப்ட் தயார்.

இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1979-ல் இதை வைத்து ஒரு நாவலே எழுதினார். இலங்கை பூமத்திய ரேகையில் இல்லையே என்றால், கதைக்காகத் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார்! கதாசிரியருக்கு அந்த வசதி உண்டு. பொறியாளருக்கு இல்லை.

லிஃப்ட் பெட்டியின் எடை எல்லாம் அப்புறம். முதலில் கயிறு தன் எடையையே தாங்க வேண்டுமே? நல்ல உறுதியான எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டுக்கொண்டே போனால் 25, 30 கி.மீ.யில் தானாகவே அறுந்துவிடும். கெவ்லார் சுமார் 250 கி.மீ. தாங்கும். தேவை எவ்வளவு? மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதைக் கணக்கில் சேர்த்த பிறகும், ஒரே தடிமனுள்ள கயிறென்றால், தரைமட்ட ஈர்ப்பில் கிட்டத்தட்ட 4,900 கி.மீ. நீளத்துக்குத் தாங்கும் சரக்கு வேண்டும். உச்சியில் தடியாகவும் கீழே மெல்லியதாகவும் செய்து கொஞ்சம் ஒப்பேற்றலாம். எஃகில் அப்படிச் செய்தால் உச்சியில் வரும் தடிமன் சிரிப்பாகிவிடும்.

எல்லோரும் நம்பியிருப்பது கார்பன் நானோ குழாய்களை. 2018-ல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 80 கிகாபாஸ்கலைத் தாண்டிய நானோ குழாய்க் கற்றையைச் செய்து காட்டினார்கள். எஃகெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாத வலிமை. ஆனால் நீளம்? சென்டிமீட்டர் கணக்கு! போதாக்குறைக்கு, குழாயில் ஒரே ஒரு அணு இடம் மாறினாலே வலிமை பாதிக்குக் கீழே போய்விடும் என்று 2016-ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 96,000 கி.மீ. முழுக்க ஒரு அணு கூடப் பிசகாமல் யார் நூற்பது?

2000-களின் தொடக்கத்தில் நாசாவின் நிதியுதவியோடு ஆராய்ந்த பிராட்லி எட்வர்ட்ஸ், மொத்தச் செலவு சுமார் 1,000 கோடி டாலர் என்றார். அந்தக் கணக்கே நானோ குழாய்க் கயிறு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் போட்டது. கொத்தனார் கூலி, சிமெண்ட் விலை எல்லாம் எழுதிவிட்டு, செங்கல்லை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்ன மாதிரி! இதற்கிடையில் ராக்கெட் சும்மா இருந்ததா? 2017-ல் பால்கன் 9 ஒருமுறை பறந்த அடிப்பாகத்தையே மறுபடியும் பறக்கவிட்டது. ராக்கெட் செலவு அதிகம் என்பதுதான் லிஃப்டுக்குச் சொல்லப்பட்ட முதல் காரணம். அதுவும் தேய்ந்துகொண்டே வருகிறது.

மற்ற சிக்கல்களும் லேசானவை அல்ல. பூமியைச் சுற்றும் எந்தச் செயற்கைக்கோளும், எந்தக் குப்பையும் பூமத்திய ரேகையைக் கடந்தே ஆக வேண்டும். கயிறு நிற்பதும் அங்கேதான். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் மேலே போக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதில் பெரும்பகுதி கதிர்வீச்சு மண்டலத்துக்குள். ஆனால் இதெல்லாம் கயிறு வந்த பிறகு படவேண்டிய கவலை. கயிறு ஒரு கிலோமீட்டராவது வரட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம். அதுவரை பணம் போகவேண்டிய இடம் ஆய்வுக்கூடம்தான், அழகான கணினிப் படங்கள் அல்ல.

நாசா இதற்காக இரண்டு போட்டிகளை ஆதரித்தது. கயிற்றில் ஏறும் வண்டிக்கு ஒன்று, வலுவான கயிற்றுக்கு ஒன்று. 2009-ல் மொஹாவி பாலைவனத்தில், ஹெலிகாப்டரிலிருந்து தொங்கிய கேபிளில் லேசர் ஒளியின் சக்தியிலேயே ஒரு கி.மீ. ஏறிய லேசர்மோட்டிவ் குழு 9 லட்சம் டாலர் பரிசு வாங்கியது. கயிற்றுக்கான பரிசை மட்டும் கடைசி வரை ஒருவரும் வாங்கவில்லை.