இனாமும் வாடகையும்

டில்லியில் லக்ஷ்மிபாய் நகரை அடுத்த ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் நிறுத்துக் கொடுக்கிற கடைக்காரரின் தராசருகே, பணம் வந்து சேர்ந்ததை உரக்க அறிவிக்கும் அந்தச் சிறு பெட்டி வீற்றிருப்பதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் போகிறவர், 2016 நவம்பர் 8 இரவு பெரிய நோட்டுகள் செல்லாதென்று பிரகடனமான இரண்டொரு நாளிலேயே, பிரதம மந்திரியின் படத்துடன் பணப் பரிமாற்றக் கம்பெனியான பேடிஎம் வெளியிட்ட முழுப்பக்க விளம்பரத்தில் வந்து நிற்பார். அதன்பின் கேஷ்பேக் என்ற பெயரில் வாரி இறைத்த சன்மானங்களைச் சொல்லவேண்டியதில்லை. 2020 ஜனவரி முதல் யுபிஐ வரவுக்கு வியாபாரியிடம் கட்டணம் வசூலிக்கலாகாது என்று சர்க்கார் விதித்துவிடவே, இனாமாய்ச் சேர்த்த ஜனத்திரளிடமிருந்து லாபம் காணும் உபாயங்களை இத்தகைய கம்பெனிகள் நாடலாயின. பெட்டிக்கு மாத வாடகை அவற்றுள் ஒன்று. சாமர்த்தியம்தான், மறுப்பதற்கில்லை, ஆனால் அந்த வாடகை கடைசியில் கீரைக்கட்டின் விலையில்தானே ஏறும்? எவ்வளவு, எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடைக்காரர்கள் பெட்டியை வாங்கி வைக்கட்டும்.