லூகர் துப்பாக்கியும் நம்பர் பைத்தியமும்

பழைய ஜெர்மன் ராணுவ பிஸ்டல்களைச் சேகரிப்பவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் யாரும் குறி பார்க்க மாட்டார்கள், பூதக்கண்ணாடியை எடுத்து நம்பர் பார்ப்பார்கள். லூகர் பி-08 என்றால் முக்கியப் பகுதிகளில் முழு சீரியல் நம்பரும், சின்னச் சின்ன பாகங்களில் அதன் கடைசி இரண்டு இலக்கமும் குத்தியிருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் 'மேட்சிங்'. விரல் நகம் அளவு பாகம் ஒன்று மாறியிருந்தாலும் விலை சரசரவென்று இறங்கிவிடும். மேகஸினுக்குக்கூட நம்பர் உண்டு. கூடுதலாகக் கொடுத்த இரண்டாவது மேகஸினில் அதே நம்பரோடு ஒரு கூட்டல் குறி. இவையெல்லாம் ஒன்றாகக் கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளிதான்.

எதற்காக நம்பர் போட்டார்கள்? அந்தக் காலத்தில் பாகங்களைக் கையால் ராவிப் பொருத்தினார்கள். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் சரியாக உட்காரும் என்று நிச்சயமில்லை. சுத்தம் செய்யக் கழற்றும்போது கலந்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பட்டறை வசதிக்காகப் போட்ட நம்பர் நூறு வருடம் கழித்து விலைப்பட்டியலாகிவிட்டது!

இந்த விலைப்பட்டியல் சரியானதுதானா என்பதுதான் கேள்வி. முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சேற்றில் கிடந்து, உடைந்து, ராணுவப் பட்டறையில் பாகம் மாற்றப்பட்டு மறுபடி முன்னணிக்குப் போன துப்பாக்கிக்கு நம்பர் பொருந்தாது. யாரோ ஒரு அதிகாரியின் அலமாரியில் சும்மா தூங்கிய துப்பாக்கிக்கு எல்லாம் பொருந்தும். சந்தை இரண்டாவதுக்குத்தான் கொட்டிக் கொடுக்கிறது. வரலாற்றைச் சேகரிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வரலாறு தொடாத பொருளாகப் பார்த்து வாங்குகிறார்கள்.

அந்த இரும்பில் படிக்க எவ்வளவோ இருக்கிறது. ஜெர்மன் கடற்படை 1904லும் தரைப்படை 1908லும் லூகரை ஏற்றன. பி-08ல் உள்ள 08 அந்த வருடம்தான். தரைப்படை மாடலுக்கு 100 மில்லிமீட்டர் குழல், கடற்படைக்கு 150, பீரங்கிப்படைக்கு 200. தோட்டா அறையின் மேல் உற்பத்தி வருடம் இருக்கும். பெர்லின் டி.டபிள்யூ.எம். கம்பெனி என்றால் மூன்று எழுத்தும் பின்னிய சின்னம். எர்ஃபர்ட் அரசு ஆயுதசாலை என்றால் கிரீடமும் ஊர்ப்பெயரும். எர்ஃபர்ட்காரர்கள் மகா கறார். கண்ணில் பட்ட பாகத்திலெல்லாம் ஆய்வாளர் முத்திரை குத்தியிருப்பார்கள்.

சீரியல் நம்பர் ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தாயிரம் ஆனதும் மறுபடி ஒன்று, கூடவே 'ஏ' என்ற எழுத்து, பிறகு 'பி'. அதனால் ஒரே நம்பரில் பல துப்பாக்கிகள் இருக்கலாம். வருடம், தொழிற்சாலை, எழுத்து எல்லாம் சேர்ந்தால்தான் ஜாதகம் முழுமையாகும். வெர்சாய் ஒப்பந்தத்துக்குப் பிறகு, ராணுவம் ஒரு லட்சம் பேராகச் சுருங்கிய காலத்தில், அரசு உடைமை என்று காட்டப் பழைய துப்பாக்கிகளில் '1920' என்றும் குத்தினார்கள். 1917ம் 1920ம் ஒன்றாக இருக்கும் லூகர், தோற்ற சாம்ராஜ்யத்திலிருந்து புதிய குடியரசுக்கு மாறிய பொருள்.

ஹிட்லர் காலத்தில் இதெல்லாம் ரகசியக் குறியீடாகிவிட்டது. மவுசர் கம்பெனி முதலில் 'எஸ்/42', பிறகு வெறும் '42', பிறகு 'பி.ஒய்.எஃப்'. 1934ஐ 'கே' என்றும் 1935ஐ 'ஜி' என்றும் குறித்தார்கள். பின்னால் வந்த பி-38 பிஸ்டலில் 'ஏ.சி' என்றால் வால்தர், 'சி.ஒய்.க்யூ' என்றால் ஸ்ப்ரீவெர்க்.

இப்போது வணிகவியல் பக்கம் வருவோம். ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார் (2001ல் நோபல் பரிசு வாங்கித் தந்த ஆராய்ச்சியில் அதுவும் ஒன்று). விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்பது சாராம்சம். லூகர் சந்தை அதற்குப் பாடப்புத்தக உதாரணம். நம்பர் பொருந்தினால்தான் பணம் என்றால், நம்பரை ராவித் தேய்த்துப் புதிதாகக் குத்த ஆட்கள் கிளம்பாமல் இருப்பார்களா? மேற்பூச்சிலும் இதே கதை. மெருகேற்றிப் புதிதாக நீலம் பூசினால் துப்பாக்கி பளபளக்கும். ஆனால் ஓரங்கள் மழுங்கி, முத்திரைகளின் விளிம்பு கரைந்துபோகும். 1937 வாக்கில் மவுசர் பூச்சு முறையையே மாற்றியது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் சில சின்ன பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். அவையும் நீலமாக இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை கைப்பற்றியவற்றில் பாகங்கள் கலந்து, மறுபூச்சு பூசி, 'எக்ஸ்' குறி போட்டிருப்பார்கள். அது ஏமாற்று இல்லை, அந்தத் துப்பாக்கியின் வரலாறே அதுதான். விலை மட்டும் மலிவு.

வியாபாரிகளின் கைங்கரியம் வேறு. 1941, 42 மவுசர் லூகரில் கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் 'பிளாக் விடோ' என்று தனி மதிப்பு. ஜெர்மன் ராணுவத்துக்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. போருக்குப் பின் அமெரிக்க வியாபாரத்தில் ஒட்டிய லேபிள் அது. 1907ல் அமெரிக்க ராணுவச் சோதனைக்காகச் செய்த .45 லூகர் ஒன்று 1989ல் 10 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2010 ஏலத்தில் அதற்குக் கிடைத்தது 4,94,500 டாலர். முதலீடு என்று சொல்லி வாங்குபவர்கள் இதையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் விட உறுத்துவது ஸ்வஸ்திகா முத்திரை. கழுகும் ஸ்வஸ்திகாவும் இருந்தால் ஆசைப்படுகிற கூட்டமே தனி. ஜெர்மனியில் கல்வி, ஆராய்ச்சி போன்ற விலக்குகள் தவிர அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம். மற்ற இடங்களில் அது விற்பனைத் தந்திரம். சேகரிப்பவர்கள் எல்லாரும் நாஜி அபிமானிகள் என்று சொல்வது அபத்தம்தான். ஆனாலும் அந்த முத்திரைக்காகவே கூடுதல் பணம் கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

சிம்சன் என்று பெயர் குத்திய லூகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸூல் நகரத்து யூதக் குடும்பத்தின் கம்பெனி. 1920களில் குடியரசின் ராணுவத்துக்கு லூகர் கொடுக்க அனுமதி பெற்றது இவர்கள்தான். நாஜிகள் வந்தபின் கம்பெனி பறிபோனது. 1936ல் குடும்பம் நாட்டை விட்டுத் தப்பியது. பிறகு அந்தத் தொழிற்சாலைக்கு குஸ்ட்லாஃப் என்ற நாஜித் தலைவரின் பெயரை வைத்தார்கள். (கிழக்கு ஜெர்மனியில் சிம்சன் என்ற பெயர் மொபெட்டில் திரும்பி வந்தது தனிக் கதை.) அந்தப் பெயர் உள்ள ஒரு லூகர், இரண்டு மூன்று சின்ன பாகங்கள் மாறியிருந்தால், 'சுடுவதற்கு மட்டும்' என்ற ரகத்தில் மலிவு வரிசைக்குப் போய்விடும். பூதக்கண்ணாடி அங்கே கடைசி இரண்டு இலக்கத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.