18 அடி ஈட்டி

கொடைக்கானலில் ‘டெவில்ஸ் கிச்சன்’ எங்கே என்று விசாரிப்பவர்கள் இன்று அரிது. 1991-ல் கமல்ஹாசனின் ‘குணா’ அங்கே படமானதிலிருந்து அது குணா குகைதான். ஒரு படம் மலையிலுள்ள இடத்தின் பெயரையே மாற்றிவிடும் என்றால், அதே மலையின் அடிவாரத்தில் மூண்ட போர் எப்படி நினைவில் நிற்கும் என்பதும் திரையின் கையில்தான் இருக்கிறது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழநி போகும் வழியில் விருப்பாச்சி. மலைவாழைக்குப் பெயர்பெற்ற ஊர். 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு இங்கேதான் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். 1800-ல் பாளையக்காரர்களைத் திரட்டி, கோவையிலிருந்த கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) குதிரைப்படையைத் தாக்கத் திட்டம் தீட்டியவரும் அவரே. தாக்குதல் தோற்றது. மறு ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்தக் காலத்து வீரர்கள் எதைக் கொண்டு போரிட்டார்கள்? கேட்டால் பலரும் யோசிக்காமல் வாள் என்பார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘சிவகங்கைச் சீமை’ இரண்டும் 1959-ல் வந்தவை. அவற்றின் வசனங்கள் தலைமுறைகளுக்கு மனப்பாடம். ஆயுதங்களைப் பற்றி அப்படி எதுவும் மனத்தில் பதியவில்லை.

கள்ளர் படையினரிடம் 18 அடி நீள ஈட்டி இருந்ததாகப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதினார் கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். மூன்று ஆள் உயரம்! அதைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு புதருக்குள் ஊர்ந்து வருவார்கள். குதிரைவீரனின் வாள் எட்டுவதற்கு முன்பே ஈட்டிமுனை அவனை எட்டிவிடும். எதிரியின் பலம் குதிரை என்பதை அறிந்தவர்கள் கண்டுபிடித்த வழி இது. படப்பிடிப்புக்கு வசதியாக ஈட்டியை ஆறடியாக வெட்டினால் அந்த அறிவும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது.

கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கிக்கும் திரையில் அதே கதிதான். ‘பிரவுன் பெஸ்’ ஒருமுறை சுட்டால் அடுத்த குண்டுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். நன்றாகப் பழகியவனாலும் நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. மழை பெய்து மருந்து நனைந்தால் வெடிக்காது. பழநி மலைக் காடுகளில் மழைக்கா பஞ்சம்? திரையிலோ துப்பாக்கி ஓயாமல் சுடுகிறது. ஈட்டியோடு ஓடிவருபவன் வீணாய்ச் சாகத் துணிந்தவனாகத் தெரிகிறான். இரண்டு குண்டுகளுக்கு இடையே கிடைக்கும் இருபது விநாடியைக் கணக்கிட்டு ஓடிவந்தவன் அவன்.

பீரங்கிக் குண்டு விழுந்ததும் தீப்பிழம்பு எழுவது திரையின் இன்னொரு வழக்கம். கோட்டைச் சுவரை உடைக்க அன்று எறிந்தவை பெரும்பாலும் வெடிக்காத இரும்புக் குண்டுகள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சியோ மண்கோட்டை. 1801 மார்ச் 31-ல் கும்பினி மோதித் தோற்றது. பீரங்கிகளும் ஆட்களும் கூடுதலாக வந்து சேர்ந்த பிறகு, மே 24-ல்தான் கோட்டை வீழ்ந்தது.

வளரி என்னும் எறிகட்டையின் கதை மனத்தைத் தைப்பது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத்தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று 1830-ல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் எழுதினார் கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1801-ல் அதே மருதுவை எதிர்த்து வந்த படையில் அவரும் இருந்தார். இதைவிட வலிமையான திரைக்கதையை யார் எழுத முடியும்? அதை விட்டுவிட்டு, வீசியவர் கைக்கே வளரி திரும்பி வரும் வித்தையைக் காட்டுகிறார்கள். ஆளை வீழ்த்திய கட்டை எப்படித் திரும்பும்?

இவற்றையெல்லாம் ஊர்களில் தேடினால் கிடைப்பது கடினம். காரணம் உண்டு. 1801 டிசம்பர் 1-ல் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்சீமையில் ஆயுதப் பயன்பாட்டையே ஒழிக்கும் அறிவிப்பை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. கண்ணால் பார்க்கும் வாய்ப்பே பறிபோன பொருள்களை மக்களிடம் கொண்டுவரும் சினிமாவுக்கு அதனாலேயே பொறுப்பு கூடுகிறது. குதிரைக்கும் கிராஃபிக்ஸுக்கும் கோடிகளை ஒதுக்கும் தயாரிப்பாளர், ஆயுத வரலாறு தெரிந்த ஒருவருக்கும் சம்பளம் ஒதுக்கலாம். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளும் புதுக்கோட்டையின் மர வளரியும் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். கலை இயக்குநர் அளவெடுக்க அங்கிருந்தே தொடங்கலாம்.

கொடைக்கானலுக்குப் பாட்டு எடுக்க வரும் குழு ஒன்று, மலையிறங்கும்போது விருப்பாச்சியில் அரைநாள் தங்கிப் பார்க்கட்டும். பிறகு இப்படி ஒரு காட்சி வரட்டும்: அடைமழை. சிப்பாய்கள் விசையை இழுக்கிறார்கள், வெடிக்கவில்லை. புதர் அசைகிறது. திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நீண்டு வருகிறது ஓர் ஈட்டி.